பயங்கர அருளப்பன்

ரஷ்யக் கதைகளைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். அச்சுக் கோர்ப்பவர் ஒரு துணைக்காலை விழுங்கிவிட்டிருப்பார். 'இவான் வீட்டுக்குள் வந்தான்' என்பது 'இவன் வீட்டுக்குள் வந்தான்' என்று அச்சாகியிருக்கும். எவன் வந்தான் என்று தெரியாமலே நாலு பக்கம் ஓட்டிவிடுவோம். கதைக்கு ஒரு குறையும் வராது. ஏனென்றால் ரஷ்யாவிலும் இவான் என்றால் ஏறக்குறைய 'இவன்'தான். குப்பன், சுப்பன் என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் 'இவானவ், பெத்ரோவ், சீதரவ்' என்பார்கள். மூவரில் முதல் குப்பன் இவான் வீட்டுக்காரன்.

பிறந்த ஊர் ரஷ்யா இல்லை. எபிரேய மொழியில் யோஹனான். 'ஆண்டவர் அருள்புரிந்தார்' என்று பொருள். எருசலேம் பக்கம் பிறந்த இந்தப் பெயர் கிரேக்கத்துக்குப் போய் இயோவானெஸ் ஆயிற்று. அங்கிருந்து கிளம்பியபோது ஒவ்வொரு ஊர்க்காரரும் தன் பல்வரிசைக்குத் தக்கபடி கடித்தார்கள். ஆங்கிலேயர் ஜான் என்றார்கள், பிரெஞ்சுக்காரர் ழான், ஸ்பானியர் ஹுவான், இத்தாலியர் ஜொவான்னி. ஜெர்மானியர் யோஹான் என்று முழுதாகவும் ஹான்ஸ் என்று முறித்தும் வைத்துக்கொண்டார்கள். அரபியில் யஹ்யா. ஸ்லாவியர் வாயில் விழுந்தது இவான். வேல்ஸ் நாட்டில் என்ன ஆயிற்று தெரியுமா? எவன்! ஆக, இவனும் எவனும் ஒருவனே. வேதாந்திகள் மரத்தடியில் உட்கார்ந்து தேடிய உண்மை, பெயர் அகராதியில் சும்மா கிடக்கிறது.

நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் மட்டும் ஒலியைக் கடிக்காமல் பொருளைப் பிடித்தார்கள். அவர்களுடைய பழைய பைபிளில் யோவான், அருளப்பர். 'ஆண்டவர் அருள்புரிந்தார்' என்ற முழு வாக்கியமும் ஆறே எழுத்தில் அடங்கிவிட்டது. போர்ச்சுக்கல்லில் ஜுவாவாகப் பிறந்த ஜான் டி பிரிட்டோ இங்கே அருளானந்தர் ஆனதும் அதே வழியில்தான்.

இந்தத் தமிழாக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரஷ்ய அரச பரம்பரையைத் திறந்தால் பொழுது நன்றாகப் போகும். இவான் என்ற பெயரில் அங்கே ஆறு பேர் ஆண்டார்கள். பணப்பை அருளப்பன், அழகு அருளப்பன், மகா அருளப்பன், பயங்கர அருளப்பன், பாதி நாற்காலி அருளப்பன், கடைசியாகத் தொட்டில் அருளப்பன். கடவுளின் அருள் இந்த ஆறு பேரையும் எந்த லட்சணத்தில் வந்து சேர்ந்தது என்பதுதான் விஷயம்.

முதல் பையன்

சிம்மாசனத்துக்கு முன்னால், சீட்டு விழுந்த ஒரு பையனைப் பார்த்துவிட்டு வருவோம்.

983ஆம் வருடம், கீவ் நகரம். இன்றைய உக்ரைனின் தலைநகர். ஆட்சியில் இளவரசர் விளாதிமிர். படையெடுப்பு ஒன்றில் ஜெயித்துத் திரும்பியவருக்குத் தெய்வங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. அந்தக் காலத்து முதன்மைத் தெய்வம் பெரூன், இடி தேவன். மர உடம்பு, வெள்ளித் தலை, தங்க மீசை. தங்க மீசை வைத்த தெய்வம் தேங்காய் உடைத்தால் திருப்திப்படுமா? நரபலி கேட்டது என்று பெரியவர்கள் முடிவு செய்து சீட்டுக் குலுக்கினார்கள். கிரேக்க நாட்டிலிருந்து வந்து குடியிருந்த ஒரு கிறிஸ்தவ வீரரின் மகன்மேல் சீட்டு விழுந்தது. 'உங்கள் சாமி வெறும் மரம், நாளைக்கு உளுத்துப்போகும்' என்கிற பாணியில் தகப்பன் பதில் சொன்னார். கூட்டம் வீட்டுத் திண்ணையின் காலை வெட்டிச் சாய்த்து இருவரையும் கொன்றது. தகப்பன் பெயர் பியோதர், பையன் பெயர் இயோவான் என்பது திருச்சபை மரபு.

'ஆண்டவர் அருள்புரிந்தார்' என்ற பெயர் அந்த மண்ணில் போணி ஆன அழகு இது.

கதை இதோடு நிற்கவில்லை. ஐந்தே வருடத்தில், 988இல், அதே விளாதிமிர் கிறிஸ்தவர் ஆனார். அரசர் மதம் மாறினால் ஊருக்கே மாற்றம் வாங்கிக் கொடுத்த மாதிரி. ஜனங்கள் மொத்தமாக ஆற்றில் இறங்கி முழுகினார்கள். பெரூனைக் குதிரை வாலில் கட்டி இழுத்தார்கள். கூடவே பன்னிரண்டு பேர் தடியால் அடித்துக்கொண்டே போய் த்னீப்பர் ஆற்றில் தள்ளினார்கள். நேற்றைய குலதெய்வத்துக்கு இன்று லத்தி சார்ஜ். தங்க மீசை என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். ஆட்சி மாறும்போது தங்கம் எங்கே போகும் என்பது எல்லா ஊருக்கும் தெரிந்த சங்கதி.

ஆற்றில் முழுகியவர்களுக்குப் புதுப் பெயர் வேண்டுமே. பஞ்சாங்கத்தைப் பிரித்தார் பாதிரியார். பிறந்த நாளுக்குப் பக்கத்தில் எந்தப் புனிதர் வருகிறாரோ அவர் பெயர்தான் குழந்தைக்கு. அந்தப் பஞ்சாங்கத்தில் யோவான்கள் மாதம் தவறாமல் வருவார்கள். ஸ்நானகர் யோவான், பொன்வாய் யோவான், ஏணி யோவான், தமஸ்கு யோவான், போர்வீரன் யோவான். ஜனவரியில் பிறந்தாலும் இவான், ஜூலையில் பிறந்தாலும் இவான். வேறு பெயர் வைக்க வேண்டுமென்றால் தாய் பிரசவ வலியைக் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டியிருந்தது.

பணப்பை அருளப்பன்

மாஸ்கோ அப்போது பெரிய ஊர் இல்லை. மங்கோலியரின் தங்கப் படை கானுக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்த பல சிற்றரசுகளில் ஒன்று. 1325இல் அங்கே பட்டத்துக்கு வந்தவர் முதலாம் இவான். பட்டப்பெயர் கலிதா, அதாவது பணப்பை. ஏழைகளுக்குப் போட இடுப்பில் எப்போதும் பையோடு திரிந்தார், அதனால் வந்த பெயர் என்று பக்தர்கள் சொல்வார்கள். கப்பம் வசூல் பண்ணி வந்த பை என்று கணக்கு தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

1327இல் பக்கத்து ஊரான த்வேரில் மக்கள் கானின் ஆட்களுக்கு எதிராகக் கிளம்பி அவர்களை ஒழித்துக்கட்டினார்கள். நம் அருளப்பன் என்ன செய்தார்? சொந்த இனம் என்று துடித்தாரா? நேரே உஸ்பெக் கானிடம் போய், படையை வாங்கிக்கொண்டு வந்து, த்வேரைத் தரைமட்டம் ஆக்க வழிகாட்டினார். அப்புறம் மகா இளவரசர் பட்டம் வந்தது. மற்ற சிற்றரசுகளின் கப்பத்தையும் வசூலித்துக் கொடுக்கும் வேலையும் கைக்கு வந்தது. வசூல் பண்ணுகிறவன் கையில் கொஞ்சம் ஒட்டாமலா போகும்? தேன் எடுத்தவன் புறங்கையை நக்கிய கதைதான். அந்தப் புறங்கைத் தேனில் அக்கம்பக்கத்து நிலமெல்லாம் வாங்கிப் போட்டார். நாளைக்குப் பேரரசாகப் போகிற மாஸ்கோ, ஒரு தண்டல்காரரின் இடுப்புப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது.

அடுத்தவர் இரண்டாம் இவான், அழகர். ஆறு வருடம் ஆண்டார். அழகாக இருந்தார். வேறு என்ன வேண்டும்?

ஆற்றங்கரை முறைப்பு

மூன்றாம் இவானுக்கு வரலாறு கொடுத்த பட்டம் 'மகா'. மங்கோலிய நுகத்தை உதறித் தள்ளியவர் என்று பாடப்புத்தகம் மார்தட்டும். உதறிய விதத்தைச் சொல்கிறேன்.

1480. கப்பம் நின்றுபோன கோபத்தில் அக்மத் கான் படையோடு வருகிறார். உக்ரா ஆற்றின் இந்தக் கரையில் ரஷ்யப் படை, அந்தக் கரையில் கானின் படை. அக்டோபரில் வந்து நின்றார்கள். ஆற்றைக் கடக்க கான் முயன்றார், ரஷ்யர்கள் சுட்டு விரட்டினார்கள். அதற்குப் பிறகு? முறைத்தார்கள். இவர் அவரைப் பார்க்க, அவர் இவரைப் பார்க்க, வாரக்கணக்கில் முறைப்பு. கான் தன் கூட்டாளியான லித்துவேனிய அரசருக்காகக் காத்திருந்தார். அந்த மனிதர் வரவே இல்லை. இவான் தன் மனைவி சோபியாவையும் கஜானாவையும் வடக்கே வெகுதூரம் அனுப்பிவைத்துவிட்டுப் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தார். 'ஆட்டை ஓநாயிடம் விட்டுவிட்டு ஓடுகிற மேய்ப்பனா நீ?' என்ற தோரணையில் ரஸ்தோவ் பேராயர் காட்டமாக ஒரு கடிதம் போட்டார்.

ஆறு உறையத் தொடங்கியது. உறைந்தால் எதிரி நடந்தே வந்துவிடுவான். உடனே இவான் என்ன செய்தார்? படையைப் பின்னால் இழுத்தார். இவன் பின்வாங்குவதைப் பார்த்து, இதில் ஏதோ சூது இருக்கிறது என்று நினைத்தாரோ, குளிருக்குக் கம்பளி போதவில்லையோ, நவம்பரில் கானும் மூட்டை கட்டினார். இரண்டு படையும் முதுகைக் காட்டிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் வீட்டுக்குப் போயின. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அடிமைத்தனம், தெருக்குழாயடிச் சண்டை மழை வந்ததும் கலைவது போலக் கலைந்தது. சரித்திர ஏடுகளில் இதற்குப் பெயர் 'உக்ராவில் நின்ற நிற்பு'. பெயர் வைத்தவர் நாணயஸ்தர். நின்றதைத் தவிர வேறெதையும் சேர்க்கவில்லை.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். ஆறு அருளப்பன்களில் புத்திசாலி இவர்தான். ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் சாகாமல் வீடு திரும்பிய போரை மகா என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? ஒரு வருத்தம் மட்டும் உண்டு. கிரெம்ளினில் 81 மீட்டர் உயரத்துக்கு 'மகா இவான்' என்றொரு மணிக்கூண்டு நிற்கிறது. இவருக்குத்தான் கட்டினார்கள் என்று சுற்றுலாப் பயணிகள் அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த இவான், அடியில் இருக்கும் கோயிலின் ஏணி யோவான். ஏணி வைத்தாலும் எட்டாத உயரத்தில் பெயர் மட்டும் பொதுவாகத் தொங்குகிறது.

இடி இவான்

இப்போது கதாநாயகர். நான்காம் இவான். பிறந்தது 1530. மூன்று வயதில் அப்பா போனார், பட்டம் வந்தது. எட்டு வயதுக்குள் அம்மாவும் போனார். பெரிய மனிதர்கள் அரண்மனைக்குள் அடித்துக்கொண்டு, பையனுக்குச் சோறு போடாமல் விட்டார்கள் என்று பின்னாளில் அவரே கடிதத்தில் புலம்புகிறார். 1547இல் பதினாறு வயதில், 'இளவரசர் எல்லாம் பழைய கணக்கு, நான் ஜார்' என்று முடிசூடிக்கொண்டார். 1552இல் கசானைப் பிடித்தார். அந்த ஜோரில் எழும்பியதுதான் வெங்காயம் வெங்காயமாகக் கோபுரம் வைத்த செஞ்சதுக்கத்து தேவாலயம்.

ரஷ்யர்கள் இவரை அழைப்பது 'க்ரோஸ்னி' என்று. இடியோடு வரும் மழைக்கு அங்கே 'க்ரஸா' என்று பெயர். இடிபோல நடுங்கவைப்பவன் என்று அர்த்தம், அதில் மரியாதையும் உண்டு. ஆங்கிலேயர் அதைப் பெயர்த்த காலத்தில் அவர்கள் போட்ட சொல்லுக்கும் அதே கம்பீரம் இருந்தது. பிறகு அந்தச் சொல் தேய்ந்து 'மகா மட்டம்' என்ற பொருளுக்கு இறங்கிவிட்டது. நாம் ஆங்கிலம் வழியாக வாங்கி 'பயங்கர' என்று முத்திரை குத்தினோம். பழைய இடி தேவன் பெரூனை த்னீப்பரில் தள்ளினார்களே, ஐந்நூறு வருடம் நீந்தி மாஸ்கோவில் கரையேறிவிட்டான் போலிருக்கிறது.

பட்டத்துக்கு ஏற்ற வேலையும் செய்தார். 1565இல் தனக்கென்று ஒரு தனிப்படை. கறுப்பு உடை, கறுப்புக் குதிரை, சேணத்தில் ஒரு நாய்த்தலையும் ஒரு துடைப்பமும். துரோகிகளை நாய்போல மோப்பம் பிடித்து, துடைப்பத்தால் கூட்டித் தள்ளுவார்களாம். நகராட்சி செய்ய வேண்டிய வேலையை அரசர் எடுத்துக்கொண்டால் இப்படித்தான் முடியும். 1570இல் நோவ்கரத் நகரைக் கூட்டித் தள்ளியபோது ஊரே மிச்சமில்லாமல் போனது. அங்கே செத்தவர்களிலும் எத்தனை இவான்களோ.

நடுநடுவே நாடகமும் உண்டு. 1575இல் திடீரென்று 'நான் ராஜா இல்லை' என்று இறங்கிவிட்டார். ஸிமியோன் என்ற தாதார் வம்சத்து இளவரசரை மகா இளவரசராக உட்கார வைத்தார். ஏறக்குறைய ஒரு வருடம் அந்தக் கூத்து. அந்த ஸிமியோனுக்கு மனுப் போடும்போது இவர் இட்ட பெயர் 'இவானெட்ஸ்'. குட்டி இவான் என்று சொல்லலாம். ஏழைக் குடியானவன் எசமானுக்கு மனு எழுதினால் தன் பெயரை அப்படிச் சிறுத்துப் போடுவது அந்த ஊர் வழக்கம். நாட்டையே நடுங்கவைக்கும் மனிதர், தானே நியமித்த ஆளுக்குமுன் 'அடியேன் குட்டி அருளப்பன்' என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சபை தவித்திருக்கும். சிரித்தால் தலை போகும். சிரிக்காவிட்டாலும் போகலாம்.

1581இல் கோபத்தில் கைத்தடியால் அடித்துத் தன் மகனைக் கொன்றார். மகன் பெயரும் இவான். இவான் இவானவிச், அருளப்பனின் மகன் அருளப்பன். மகனைக் கட்டிக்கொண்டு விழி பிதுங்க உட்கார்ந்திருக்கும் தகப்பனை இலியா ரெப்பின் 1885இல் ஓவியமாகத் தீட்டினார். அந்தப் படத்தை 1913இல் ஒருவன் கத்தியால் கிழித்தான். 2018இல் இன்னொருவன் இரும்புத் தடியால் அடித்தான். அடிக்குப் பெயர் போன மனிதர், படத்திலும் அடிவாங்கிக்கொண்டிருக்கிறார்.

கடைசிக் காலத்தில் மனசாட்சி கணக்குப்பிள்ளை வேடம் போட்டுக்கொண்டு வந்தது. தன்னால் செத்தவர்களின் பட்டியலைத் தயாரிக்கச் சொல்லி, பிரார்த்தனைக்குப் பணத்தோடு மடங்களுக்கு அனுப்பினார். 3,000 பேருக்கு மேல். பெயர் தெரியாதவர்கள் வரும் இடத்தில் எழுத்தர்கள் என்ன செய்வார்கள்? 'ஆண்டவரே, இவர்கள் பெயர் உமக்கே தெரியும்' என்ற பொருள்படக் குறித்துவிட்டார்கள். கொலை செய்தது அரசாங்கம், ஆள் அடையாளம் காண வேண்டியது கடவுள்.

1584 மார்ச்சில் சதுரங்கம் ஆட உட்கார்ந்தபோது செத்தார். அப்போது மாஸ்கோவில் இருந்த ஹார்ஸி என்ற ஆங்கிலேயர் எழுதிவைத்திருக்கிறார்: மற்றக் காய்களையெல்லாம் கட்டத்தில் வைத்தார், ராஜாவை மட்டும் நிற்கவைக்க முடியவில்லை. இந்த ராஜாக் காயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வேலை இருக்கிறது.

ஒன்றரை அருளப்பன்

ஐந்தாம் இவான் நோஞ்சான். கண் பார்வை மந்தம், பேச்சும் தட்டுத் தடுமாறும். தம்பி பீட்டரோ பத்து வயதிலேயே துடுக்கு. யாருக்குப் பட்டம் என்று 1682இல் ரத்தம் சிந்தி அடித்துக்கொண்டார்கள். சமரசமாக இரண்டு பேரையும் ஜார் ஆக்கினார்கள். இரட்டைக் குழந்தைகளுக்கான தள்ளுவண்டி மாதிரி வெள்ளியில் இரட்டைச் சிம்மாசனம் செய்தார்கள். இன்றும் கிரெம்ளின் ஆயுதசாலைக் காட்சியகத்தில் இருக்கிறது. பின்பக்கம் ஒரு ஓட்டை. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பதிலை ஓத ஏற்பாடு. அக்கா சோபியாதான் ஆட்சி. தேர்வுக் கூடத்தில் பிட்டு அடித்தால் வெளியே தள்ளுவார்கள். பேரரசு நடத்த அதற்கென்றே ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள்.

இவானுக்குப் பிரார்த்தனையும் விரதமும் போதும். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. 1696இல் தன் இருபத்தொன்பதாம் வயதில் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தார். இவர் அந்தப் பாதி நாற்காலியில் இருந்த காலத்தில்தான், 1693இல், நம் ஓரியூர் மணல்மேட்டில் அருளானந்தர் தலையைக் கொடுத்தார். ஒரே பெயர், ஒரே காலம். ஒருவருக்குப் பாதி நாற்காலி, ஒருவருக்கு முழு வாள்.

பெயர் பறிபோன பிள்ளை

இங்கே கொஞ்சம் சிரிப்பை நிறுத்திக்கொள்வோம்.

ஆறாம் இவான் 1740 ஆகஸ்டில் பிறந்தான். அக்டோபரில் பேரரசன். முடியைத் தலையில் வைத்தால் தோள்வரைக்கும் இறங்கும் வயது. அடுத்த ஆண்டு கடைசியில் பீட்டரின் மகள் எலிசபெத் ஒரே ராத்திரியில் ஆட்சியைப் பிடித்தார். குழந்தையைக் கொல்ல மனமில்லை. பெயரைக் கொல்லலாம் என்று முடிவு செய்தார். அவன் பெயர் பொறித்த நாணயங்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு. வைத்திருந்தால் குற்றம். அவன் பெயர் வரும் ஆவணங்களைத் தேடித் தேடி ஒழித்தார்கள். நாலு வயதில் பெற்றோரிடமிருந்து பிரித்தார்கள். காவலில் அவனை 'கிரிகோரி' என்று கூப்பிட வேண்டும் என்று கட்டளை போட்டார்கள். பிறகு ஷ்லிசெல்பர்க் கோட்டையில் 'பெயரில்லாக் கைதி'. பெயரோடு சேர்த்து வெயிலையும் பறித்துக்கொண்டார்கள். 1764இல் ஒரு இளம் அதிகாரி அவனை விடுவிக்க முயன்றபோது, முன்பே வந்திருந்த உத்தரவுப்படி காவலர்கள் குத்திக் கொன்றார்கள். வயது இருபத்து மூன்று.

உயிரோடு இருக்கையில் அவன் நாணயத்தில் 'மூன்றாம் இயோவான்' என்றுதான் இருந்தது, ஜார்களை மட்டும் எண்ணிய கணக்கு. பிற்காலத்து வரலாற்றாசிரியர்கள் பணப்பையிலிருந்து எண்ணத் தொடங்கியதால் ஆறாம் இவான் ஆனான். வாழ்நாள் முழுதும் எதுவும் கிடைக்காதவனுக்குச் செத்தபின் மூன்று படி பதவி உயர்வு. அதற்கப்புறம் ரஷ்யச் சிம்மாசனத்தில் இவான் என்ற பெயர் ஏறவில்லை. பெயருக்கே பயம் வந்திருக்கும்.

அடுப்புமேல் அருள்

மேலே பெயர் செத்துக்கொண்டிருந்தபோது, கீழே கொழித்துக்கொண்டிருந்தது. கிராமத்தில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு இவான் தலையில் விழும். செல்லமாக வான்யா, வன்யூஷா. இளக்காரமாக வான்கா. குளிர்காலத்தில் பட்டணத்துக்கு வந்து நோஞ்சான் குதிரையை வைத்து வாடகை வண்டி ஓட்டும் கிராமத்தானுக்குப் பெயரே வான்கா. 'கிராமத்தில் இருக்கும் தாத்தாவுக்கு' என்று விலாசம் எழுதிக் கடிதத்தைப் பெட்டியில் போட்ட செகாவ் கதைப் பையனும் வான்காதான்.

ஸ்நானகர் யோவானையும் ஜனங்கள் விடவில்லை. 'இவான் குபாலா' என்று ஒரு கோடைத் திருவிழா. குபாலா என்றால் குளிப்பு சம்பந்தப்பட்டது. நம் பழைய பைபிளில் 'ஸ்நானகன்' என்று போட்டோமே, அச்சு அசல் அதே யோசனை. திருவிழா என்ன? ராத்திரி முழுக்க ஆற்றில் குளியல், நெருப்பைத் தாண்டுதல், பூமாலையைத் தண்ணீரில் விடுதல், காட்டுக்குள் பெரணிப் பூவைத் தேடுதல். பெரணி பூக்காத தாவரம் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் இளவட்டங்கள் ஜோடி ஜோடியாகப் போய்த் தேடினார்கள். எதைத் தேடினார்கள் என்று பெரியவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. வெட்டுக்கிளியும் தேனும் தின்று வனாந்தரத்தில் தவமிருந்த தீர்க்கதரிசி, தன் பெயரில் நடக்கும் இந்தக் கூத்தைப் பார்த்தால் என்ன சொல்வாரோ.

கதைகளில் வருபவன் 'முட்டாள் இவான்'. மூன்றாவது மகன். அண்ணன்கள் இருவரும் கெட்டிக்காரர்கள். இவன் அடுப்புமேல் படுத்துக் கிடப்பான். ரஷ்ய அடுப்பு என்பது அறையில் பாதியை அடைக்கும் செங்கல் மேடை. மேலே ஏறிப் படுக்கலாம். குளிர்தேசத்தில் அதுதான் சொர்க்கம். முட்டாள் என்று அழைக்கப்படுகிறவன்தான் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறான் என்பதைக் கவனியுங்கள். 'துராக்' என்ற அந்த முட்டாள் சொல்லுக்கும் ஒரு கிளைக்கதை உண்டு. பழைய ரஷ்யாவில் குழந்தைக்கு அழகில்லாதவன், எதிர்பாராதவன், முட்டாள் என்றெல்லாம் வீட்டுப் பெயர் வைப்பார்கள், கெட்ட கண் படக்கூடாது என்று. பிள்ளை தங்க வேண்டும் என்று குப்பன், பிச்சை என்று நாம் வைத்தோமே, அதே தந்திரம். யமன் எந்த ஊரிலும் பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் உள்ளே வருவான் போலும்.

இந்த முட்டாளுக்குக் கிடைக்கிற அருளைப் பாருங்கள். 1834இல் பல்கலைக்கழக மாணவர் யெர்ஷோவ் எழுதிய 'கூன்முதுகுக் குதிரை'யில், இளமை திரும்ப வேண்டும் என்று கிழட்டு ஜாருக்கு ஆசை. கொதிக்கும் பால், கொதிக்கும் நீர், குளிர்ந்த நீர் என்று மூன்று கொப்பரையில் முழுக வேண்டும். முதலில் இவானை இறக்கிப் பார்க்கிறார், ஆட்சியாளர்களின் வழக்கப்படி. குட்டிக் குதிரையின் உதவியால் இவான் அழகனாக எழுகிறான். ஆசையோடு ஜார் குதிக்கிறார். வெந்துவிடுகிறார். டால்ஸ்டாயின் முட்டாள் இவானோ அரசனே ஆகிவிடுகிறான். அவன் நாட்டில் ஒரே சட்டம்: கையில் காய்ப்பு உள்ளவனுக்குப் பந்தியில் இடம், இல்லாதவனுக்கு மிச்சம். இந்தக் கதை காந்திக்கு அவ்வளவு பிடித்துப்போய் குஜராத்தியில் கொண்டுவந்தார். 1910இல் அவர் டால்ஸ்டாய் பெயரில் அமைத்த பண்ணையில் தமிழர்களும் கையில் காய்ப்போடு வேலை செய்தார்கள். பண்ணை இருந்தது யோஹான்னஸ்பர்க் பக்கத்தில். தமிழில் சொன்னால் அருளப்பன்பட்டி.

ஞாபகம் இல்லாத இவான்

சைபீரியாவில் கடுங்காவலிலிருந்து ஓடியவன், பண்ணையாரிடமிருந்து தப்பியவன் என்று பலர் போலீசில் மாட்டுவார்கள்.

'பேரு?'

'இவான்.'

'அப்பன் பேரு, ஊர், உறவு?'

'ஞாபகமில்லீங்க.'

உண்மையைச் சொன்னால் பழைய தண்டனையோடு கசையடி. ஞாபகமில்லை என்றால் வெறும் நாடோடிக் குற்றம். எழுத்தர் 'இவான், உறவு நினைவில்லாதவன்' என்று பதிவு செய்துகொள்வார். அடுத்தவனும் இவான். அதற்கடுத்தவனும் இவான். அரசாங்கம் ஒரு இவானின் பெயரைப் பறித்துக் கோட்டையில் பூட்டியதே, அதற்கு ஜனங்கள் கொடுத்த பதில் இது. நீ ஒருவன் பெயரை மறைத்தாய், நாங்கள் எல்லோரும் அதே பெயருக்குள் மறைந்துகொள்கிறோம், முடிந்தால் கண்டுபிடி. பிற்பாடு அந்தச் சொற்றொடர், வேர் மறந்தவனைத் திட்டும் வசையாகிவிட்டது.

சதுரங்கம் பார்ப்பவர்களுக்கு ஒரு உபரித் தகவல். இரண்டு முறை உலகப் பட்டத்துக்கு மோதிய ரஷ்ய வீரர் இயன் நெப்போம்னியாஷி. குடும்பப்பெயருக்குப் பொருள் 'நினைவில்லாதவர்'. இயன் என்பதும் யோவான் கிளையில் காய்த்ததுதான். நம் சென்னைப் பையன் குகேஷ் முதலிடம் பிடித்த 2024 டொராண்டோ போட்டியில் இவரும் ஆடினார். ஆயிரமாயிரம் நகர்த்தல்களை மனப்பாடமாக வைத்திருப்பவருக்கு வாய்த்த பெயர், ஞாபகமில்லாத அருளப்பன்.

இரண்டு பொம்மை

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் சிப்பாய்களுக்கு எதிரே வரும் சோவியத் வீரன் யாராக இருந்தாலும் 'இவான்'தான். உஸ்பெக், உக்ரைனியன், ஜார்ஜியன் எல்லோரும் ஒரே இவான். 1961இல் ஒரு 'இவான் இவானவிச்' விண்வெளிக்கே போனார். முதல் விண்வெளி மனிதர் ககாரின் போவதற்கு முந்தின மாதம், மார்ச் 9ஆம் தேதியும் 25ஆம் தேதியும். ஆள் நிஜமில்லை, மனித வடிவப் பொம்மை. துணைக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாய். வானொலிக் கருவியைச் சோதிக்க மனிதக் குரல் வேண்டும். ஆனால் ஒற்றைக் குரல் கேட்டால், மேலே ரகசியமாக யாரையோ அனுப்பிவிட்டார்கள் என்று மேற்கத்தியர் சந்தேகப்படுவார்கள். அதனால் கோஷ்டிப் பாட்டையும் சூப் வைக்கும் செய்முறையையும் ஒலிநாடாவில் போட்டு அனுப்பினார்கள். கீழே விழுந்த பொம்மையைப் பார்த்துக் கிராமத்தார் பதறக் கூடாதென்று முகத்தில் 'மாதிரி' என்று எழுதிவைத்தார்கள். இரண்டு தடவையும் பத்திரமாக இறங்கியது. அதற்குப் பிறகே, ஏப்ரல் 12ஆம் தேதி, ககாரின் ஏறினார், உயிரோடு இறங்கினார். தகப்பன் கையால் செத்த இவான் இவானவிச்சுக்கு வராத அருள், வெறும் பொம்மையாய் இருந்த இவான் இவானவிச் மூலம் இன்னொரு தாயின் பிள்ளைக்கு வந்தது.

ரஷ்யக் குழந்தைகளிடம் இன்னொரு பொம்மை உண்டு. 'வான்கா-வ்ஸ்தான்கா'. 'எழுந்திருக்கும் வான்கா' என்று அர்த்தம். நம் தஞ்சாவூர் பொம்மையின் சித்தப்பா மகன். இடப்பக்கம் தள்ளினாலும் எழும், வலப்பக்கம் தள்ளினாலும் எழும், தலைகீழாகப் பிடித்துவிட்டாலும் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நேரே நின்று உங்களையே பார்க்கும்.

அந்தச் சதுரங்க ராஜாவை ஞாபகம் வைத்திருக்கிறீர்கள்தானே? பயங்கர அருளப்பன் கடைசி மூச்சுவரைக்கும் நிற்கவைக்கப் பார்த்தும் நிற்காத காய். இந்தச் சாதாரணப் பொம்மையோ எவ்வளவு தள்ளினாலும் விழ மாட்டேன் என்கிறது. மந்திரம் ஒன்றும் இல்லை. ராஜாவுக்குக் கனமெல்லாம் தலையில். வான்காவுக்கு அடியில்.